16 ஸ்லைஸா, 128 ஸ்லைஸா? கன்னத்துப் புண்ணுக்கு சிடி எடுக்கப் போகும் முன்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. துறைமுகத்தில் லோடு இறக்கும் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் மாவா (புகையிலை கலந்த பாக்கு) போட்ட பழக்கம், இப்போது விட்டுவிட்டார். இடது கன்னத்தின் உள்பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒட்டி ஆறாத புண். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அறுவை சிகிச்சை டாக்டர் ‘மருந்து போட்டு முகம், கழுத்து சிடி’ எழுதிக் கொடுத்தார். வண்ணாரப்பேட்டையில் ஒரு மையத்தில் 16 ஸ்லைஸ் மெஷின். பெரம்பூர் பக்கம் இன்னொன்றில் 128 ஸ்லைஸ், ஆனால் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் தெருப் பல் டாக்டரோ பல்லுக்கும் தாடைக்கும் எடுக்கும் சிபிசிடி ஸ்கேன் போதும், கதிர்வீச்சும் குறைவு என்கிறார். ஆடுகிற கடைவாய்ப் பல்லை இப்போதே எடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார். பக்கத்துப் பல்லில் உலோக கேப் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், கிரியாட்டினின் 1.4. எறா சாப்பிட்டால் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். அதனால் ஸ்கேன் மருந்தும் ஆகாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கே எடுப்பது, எப்படி எடுப்பது?

— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்தப் பல். ஸ்கேன் எடுத்து, அதை அறுவை சிகிச்சை டாக்டர் பார்க்கும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம். பல்லைப் பிடுங்கிய குழியும், புற்று எலும்பை அரித்த குழியும் சிடியில் ஒன்றுபோலவே தெரியும். பிடுங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தால், தாடை எலும்புக்குள் நோய் போயிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் உறுதியாக எழுத முடியாது. அது மட்டுமல்ல. புண்ணை ஒட்டிய ஒரு பல் ஆடுவதே அடியில் எலும்பு கரைவதால் இருக்கலாம். அங்கே குழி தோண்டுவது நோய்க்கு எலும்புக்குள் வாசல் திறந்துவிடுவது போல. வலி இருந்தால் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து சிபிசிடி. வேர் சிகிச்சை, இம்பிளான்ட், புதைந்த ஞானப்பல், தாடை எலும்பு முறிவு இவற்றுக்கெல்லாம் அது அருமையான கருவி. எலும்பை நுணுக்கமாகக் காட்டும், கதிர்வீச்சும் சாதாரண சிடியைவிடக் குறைவுதான். உங்கள் பல் டாக்டர் அந்த மட்டில் சொன்னது சரி. ஆனால் அது சதையைப் பிரித்துக் காட்டாது. கன்னத் தசை எது, கொழுப்பு எது, கட்டி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக நிற்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதிலே கிடையாது. உங்கள் அப்பாவின் சிகிச்சை முடிவாவது இந்த இரண்டையும் வைத்துத்தான்.

இனி ஸ்லைஸ் கணக்கு. பேனரில் பெரிதாகப் போடுவது அந்த எண்ணைத்தான் என்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஸ்கேனரின் வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய்க்கு எதிரே டிடெக்டர் வரிசைகள் இருக்கும். குழாய் ஒரு சுற்றுச் சுற்றும்போது எத்தனை படங்கள் கிடைக்கின்றன என்பதே ஸ்லைஸ். சந்தையில் 128 என்று விற்கும் பல மெஷின்களில் உண்மையில் 64 வரிசைதான் உண்டு. எக்ஸ்ரே புறப்படும் புள்ளியை மின்னல் வேகத்தில் முன்னும் பின்னும் அசைத்தோ, படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கணக்கிட்டோ இரட்டிப்பாக்குகிறார்கள். ஒரு வரிசையின் அகலம் 16 ஸ்லைஸ் மெஷினிலும் 0.6 முதல் 0.75 மில்லிமீட்டர், பெரிய மெஷினிலும் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே ஒரு தனிப் படத்தின் நுணுக்கத்தில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. மண்டையோட்டின் அடித்தளத்திலிருந்து மார்பின் மேல்பகுதி வரை சுமார் 30 சென்டிமீட்டர் எடுக்க வேண்டும். 16 வரிசை, ஒவ்வொன்றும் 0.625 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகரும். சுற்றுக்கு முக்கால் நொடி வைத்தால் 30 சுற்றுக்கு 22 நொடிக்கு மேல் ஆகிவிடும். 64 வரிசையில் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர், சுற்றுக்கு அரை நொடி. 4 நொடியில் வேலை முடிந்தது. வாயில் புண் உள்ளவருக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து படுத்த நிலையில் 22 நொடி விழுங்காமல் இருப்பது லேசான காரியமல்ல. ஒரு தடவை விழுங்கினால் போதும், அந்த இடத்தில் நாக்கும் தொண்டையும் இரட்டைக் கோடாக, மங்கலாக விழும். படுத்தால் இருமல் வருகிறவர், மூச்சு வாங்குகிறவர் என்றால் வேகமான மெஷினுக்குக் கூடக் கொடுக்கும் பணம் வீணில்லை. அப்பா அசையாமல் படுப்பார் என்றால் 16 ஸ்லைஸிலேயே நல்ல படம் எடுக்க முடியும். ஆனால் எடுக்கத் தெரிந்தவர் எடுக்க வேண்டும். இரண்டு மையங்களிலும் போன் செய்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஸ்லைஸ் பற்றியது அல்ல: “கன்னத்தை ஊதச் சொல்லி எடுப்பீர்களா?”

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். வாயைச் சும்மா மூடியிருக்கும்போது கன்னத்தின் உள்தோலும் ஈறும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். சிடியில் இரண்டும் சேர்ந்து ஒரே பட்டையாகத் தெரியும். கட்டி கன்னத்தில் பிறந்ததா, ஈறில் பிறந்ததா, கன்னத்தில் பிறந்து ஈறைத் தாண்டி எலும்பை எட்டிவிட்டதா என்று பிரிக்க வழியில்லை. கன்னத்துக்குள் காற்றை நிரப்பினால் அந்தக் காற்று கறுப்பாக நடுவில் நின்று இரண்டையும் விலக்கிக் காட்டும். கட்டியின் விளிம்பு, தடிமன், எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது எல்லாம் துலங்கும். காசு செலவில்லாத இந்த ஒரு வித்தை, மாவாவும் குட்காவும் புழங்கும் நம் பகுதி நோயாளிகளுக்கு 128 ஸ்லைஸைவிட அதிகப் பலன் தரும். ஆனாலும் அவசரத்தில் பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள்.

வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். அப்பாவை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். உதட்டை இறுக மூடி, இரண்டு கன்னத்தையும் ஊத வேண்டும். நாக்கைத் தளரவிட வேண்டும், மேலண்ணத்தில் அழுத்தக் கூடாது. மூச்சு மூக்கு வழியாக மெதுவாகப் போய்வர வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு, கன்னத்தை ஊதும்போது மூச்சையும் அடக்கிக்கொள்வது. அப்படிச் செய்தால் பத்து நொடியில் முகம் சிவந்து, காற்றை விட்டு, தலையையும் ஆட்டிவிடுவார். 15 நொடி அசையாமல் தாங்கும்வரை ஒருநாளைக்கு நாலைந்து தடவை செய்யட்டும். ஊதிய நிலையில் எடுக்க வேண்டியது கண்ணின் கீழ்விளிம்பு முதல் கழுத்தின் மேல்பகுதி வரை, 12 சென்டிமீட்டர் போதும். 16 ஸ்லைஸ் மெஷினிலும் அது 9, 10 நொடிதான்.

வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது என்பதால் ஊத முடியாது என்று எண்ண வேண்டாம். ஊதுவதற்கு வாய் திறக்கத் தேவையில்லை, உதடு மூடினால் போதும். ஆனால் மாவாவால் கன்னத் தோல் நார்போல் இறுகியிருந்தால் கொஞ்சம்தான் உப்பும். சில மில்லிமீட்டர் விலகினாலும் படத்துக்கு லாபமே. சுத்தமாக முடியவில்லை என்றால், டாக்டர் அனுமதித்தால், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே சுருட்டிய காஸ் துணியை வைத்து எடுப்பதும் உண்டு. அதை மருத்துவர்தான் வைக்க வேண்டும். நீங்களாகப் பஞ்சைத் திணித்துவிடாதீர்கள், தொண்டைக்குள் நழுவினால் ஆபத்து.

இந்த ஊதிய படம் முக்கியப் படத்துக்குப் பதிலாக அல்ல, கூடுதலாக. முதலில் சாதாரணமாக மெல்ல மூச்சு விட்டபடி கழுத்து முழுக்க ஒரு சுற்று. அதன் பிறகு உடனே ஊதியபடி ஒரு சின்னச் சுற்று. முதல் சுற்றிலேயே ஊதச் சொன்னால் பலர் மூச்சை அடக்க, குரல்நாண் இறுக மூடிக்கொள்ளும், தொண்டைப் பகுதியைச் சரியாகப் பார்க்க முடியாது. கதிர்வீச்சு கூடுமே என்றால், அதைச் சமன்செய்ய ஒரு வழி இருக்கிறது. பல மையங்களில் வழக்கமாக மருந்து போடாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை என்று இரண்டு முறை எடுக்கிறார்கள். ஏற்கெனவே உறுதியான வாய்ப் புற்றுக்கு அந்த முதல் ‘பிளெயின்’ சுற்றால் கிடைப்பது மிகக் குறைவு. “பிளெயின் வேண்டாம், அதற்குப் பதில் ஊதிய நிலையில் ஒன்று” என்று டாக்டரிடமே சீட்டில் எழுதி வாங்குங்கள். சீட்டில் இருந்தால் டெக்னீஷியன் மறுக்க மாட்டார்.

மருந்து என்பது அயோடின் கலந்த திரவம். கழுத்துக்கு வழக்கமாக 70 முதல் 100 மில்லி, மெஷின் ஊசியால் நொடிக்கு 2 முதல் 3 மில்லி வேகத்தில் போகும். முழங்கை மடிப்பில் 20 கேஜ், அதாவது பிங்க் நிற ஊசி இருந்தால் நல்லது. புறங்கையின் மெல்லிய ரத்தக் குழாயில் போட்டால் அழுத்தத்தில் மருந்து வெளியே கசிந்து கை வீங்கலாம். முடிந்தால் வலது கை. இடது கையில் போட்டால் அடர்ந்த மருந்து மார்பின் குறுக்கே உள்ள பெரிய சிரை வழியாகப் போகும். அது கீழ்க் கழுத்தில் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறி, அங்கேயுள்ள நெறிகளை மறைத்துவிடும்.

மருந்து ஏறத் தொடங்கியதும் உடனே எடுக்கக் கூடாது. 25, 30 நொடியில் ரத்தக் குழாய்கள்தான் பளிச்சென்று தெரியும், கட்டி இன்னும் மருந்தை உறிஞ்சியிருக்காது, தசையோடு தசையாக ஒளிந்துகொள்ளும். கட்டிக்கு 70, 80 நொடி காத்திருக்க வேண்டும். மூளைக்குப் போகும் குழாய்களைப் பார்க்கும் ஆஞ்சியோ முறையையே கழுத்துக் கட்டிக்கும் அமைத்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. ரிப்போர்ட்டில் “கட்டி தெளிவாக வரையறுக்க இயலவில்லை” என்று வருவதற்கு மெஷினைவிட இதுவே காரணமாக இருப்பதுண்டு.

எறா விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது காசிமேடு முழுக்கப் பரவிய தவறான நம்பிக்கை. எறாவும் நண்டும் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அவற்றின் தசையிலுள்ள புரதம், அயோடின் அல்ல. அதற்காக இந்த மருந்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஒவ்வாமையையும், முக்கியமாக ஆஸ்துமாவையும், முன்பு இதே மாதிரி ஸ்கேன் மருந்துக்குத் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் வந்துவிட்டது போலிருக்கும். இதை அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயந்து தலையைத் தூக்க மாட்டார். முடிந்ததும் அரை மணி நேரம் மையத்திலேயே இருங்கள். ஊசியையும் அதன்பிறகு எடுத்தால் போதும்.

கிரியாட்டினின் 1.4 என்பதைக் கேட்டு மையத்தில் தயங்கலாம். 58 வயது ஆணுக்கு அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், ஈஜிஎஃப்ஆர் என்பது, 58 அளவில் வரும். 30க்குக் கீழே போனால்தான் பெரிய எச்சரிக்கை. அப்பாவின் அளவுக்கு மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். சில மையங்கள் பழைய வழக்கப்படி 48 மணி நேரம் நிறுத்தச் சொல்லும். அப்படிச் சொன்னால் சர்க்கரை டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை பழையது என்றால் புதிதாக எடுத்துக்கொண்டு போங்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்து உடம்பு வற்றியிருந்தால் கணக்கே மாறிவிடும், தேதியைத் தள்ளிவையுங்கள். வெறும் வயிற்றில் 3, 4 மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். தண்ணீரையும் நிறுத்திவிட வேண்டாம், தாராளமாகக் குடிக்கட்டும். சர்க்கரைக்காரர் என்பதால் காலை முதல் ஆளாக நேரம் கேளுங்கள்.

உலோக கேப்பைப் பற்றி. எக்ஸ்ரேயை அது விழுங்கிவிடுவதால், அதே மட்டத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கீற்றுகள் விசிறிபோல விரியும். புண் அதே மட்டத்தில் பக்கத்துப் பல்லருகே என்கிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு நிஜமான பிரச்சினை. ஸ்கேனரின் வளையத்தைச் சாய்த்தோ, முகவாயை உயர்த்திப் படுக்க வைத்தோ எடுத்தால் கீற்றுகள் வேறு பக்கம் விழும், புண் இருக்கும் இடம் தப்பும். அந்த ஊதிய சுற்றையே இப்படிச் சாய்த்து எடுத்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வளையத்தைச் சாய்க்கும் வசதி சில 16 ஸ்லைஸ் மெஷின்களில் இருக்கிறது, விலை உயர்ந்த இரட்டைக் குழாய் மெஷின்கள் பலவற்றில் இல்லை! அங்கே தலையைத்தான் சாய்க்க வேண்டும். கழற்றி மாட்டும் பல்செட் என்றால் கழற்றிவிடுங்கள்.

உலோகக் கீற்றை அழிக்கும் மென்பொருள் இருக்கிறது என்று 128 ஸ்லைஸ் மையம் சொல்லக்கூடும். இடுப்பு எலும்பில் வைத்த பெரிய உலோகத்துக்கு அது நன்றாக உதவும். பல்லருகே சில சமயம் இல்லாத கரைதலை உண்டாக்கும், இருக்கும் எலும்பை அழித்தும் காட்டும். அழித்த படம், அழிக்காத படம் இரண்டையும் வாங்குங்கள்.

‘டூயல் எனர்ஜி’ என்பது இரண்டு வித சக்தியில் எக்ஸ்ரேயை அனுப்பிப் பிரித்துப் பார்ப்பது. குறைந்த சக்திப் படத்தில் அயோடின் உறிஞ்சிய கட்டி கூடுதலாக ஒளிரும், அதிக சக்திப் படத்தில் உலோகக் கீற்று ஓரளவு தணியும். குரல்வளைப் புற்றில் குருத்தெலும்பைக் கட்டி தொட்டிருக்கிறதா என்று பார்க்க இது மிகவும் கைகொடுக்கும். கன்னத்துக்கு, இருந்தால் நல்லது, அவ்வளவுதான். 2021 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி பெற்ற சீமென்ஸ் ‘நேயோடோம் ஆல்ஃபா’ போன்ற போட்டான் கவுன்டிங் மெஷின்களைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். பழைய டிடெக்டர் எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றி, ஒளியை மின்சாரமாக மாற்றும். இதில் காட்மியம் டெல்லூரைடு படிகம் ஒவ்வொரு துகளையும் நேரடியாக எண்ணிவிடும். 0.2 மில்லிமீட்டர் வரை மெல்லிய படம் கிடைக்கும். காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பைப் பார்க்க அது வரப்பிரசாதம். உங்கள் அப்பாவின் புண்ணுக்காக அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஸ்கேன் அன்று கழுத்துச் சங்கிலி, தாயத்து, கடுக்கன், கண்ணாடி எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாண் கயிறு இருக்கட்டும், அது படத்துக்குள் வராது. படுத்ததும் கை இரண்டையும் பக்கவாட்டில் வைத்து, தோளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தொடையை நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். தோள் எலும்பு மேலேறி நின்றால் கீழ்க் கழுத்துப் படம் முழுக்கச் சொரசொரவென்று வரும். லோடு தூக்கிப் பருத்த தோள் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கதிர்வீச்சைப் பற்றி இரண்டு வரி. கழுத்து சிடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிசீவர்ட். நாம் ஒன்றும் செய்யாமலே இயற்கையிலிருந்து வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். உறுதியான புற்றுநோய்க்கு இந்த அளவைக் காரணம் காட்டி ஸ்கேனைத் தவிர்ப்பது சரியான கணக்கல்ல. நீங்கள் கர்ப்பமாக இருந்தால் மட்டும் துணைக்கு வேறு ஆளை அனுப்புங்கள்.

மார்பையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பின்னால் தனியாக எடுக்கச் சொன்னால் இன்னொரு பயணம், இன்னொரு கட்டணம், மருந்து போட்டால் இன்னொரு ஊசி. ஒரே மருந்தில் இரண்டையும் முடித்துவிடலாம்.

வெளியே வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? பிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது. 5 மில்லிமீட்டர் தடிமனில் சதைக்கான அமைப்பில் மட்டும் கொடுத்த படத்தில் தாடையின் சிறு அரிப்பு தெரியாது. 1 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய படங்கள், சதைக்கு ஒன்று எலும்புக்கு ஒன்று என இரண்டு அமைப்பிலும், டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ வேண்டும். அன்றைக்கே வாங்குங்கள். எலும்பு அமைப்பை மெஷினின் மூலப் பதிவிலிருந்துதான் உருவாக்க முடியும், அந்த மூலப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் போனால் “இனி முடியாது மேடம்” என்பார்கள், பொய்யில்லை.

ரிப்போர்ட்டில் இவை எழுதியிருக்கிறதா பாருங்கள்: தாடை எலும்பின் மேலோடு மட்டும் அரித்ததா, உள்மஜ்ஜைக்குப் போனதா. கன்னத் தோல்வரை வந்ததா. கடைவாய்க்குப் பின்னால் உள்ள மெல்லும் தசைகளைத் தொட்டதா, தொட்டிருந்தால் தாடையின் மேல்விளிம்பில் உள்ள பள்ளத்துக்குக் கீழேயா, மேலேயா. கீழே என்றால் வெட்டியெடுக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும், மேலே போகப் போக அது குறையும். கழுத்தின் இரண்டு பக்கமும் எந்தெந்த மட்டத்தில் நெறி, எவ்வளவு பெரியது, நடுவில் அழுகல் உண்டா, நெறியின் மேலுறையை உடைத்து வெளியே பரவியதா. இதில் ஏதாவது விடுபட்டிருந்தால், சேர்த்து எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. நரம்பு வழியாக நோய் ஏறியிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ கேட்பார்கள், அது சிடி தவறாகிவிட்டது என்பதற்கு அடையாளமல்ல.

இரண்டு மையங்களில் எது என்று கேட்டால்: ஊதிய சுற்று, சாய்த்து எடுப்பது, 70 நொடி காத்திருப்பு, மெல்லிய எலும்புப் படம். இந்த நான்குக்கும் ‘சரி’ என்று சொல்லும் மையத்துக்குப் போங்கள். அது வண்ணாரப்பேட்டையின் 16 ஸ்லைஸ் என்றால் தயங்காமல் அங்கேயே. அதற்கு முன், ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஸ்கேனுக்கும் அதற்குப் பிந்தைய அறுவை சிகிச்சைக்கும் என்ன கிடைக்கும் என்று அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் ஒருமுறை விசாரியுங்கள். கூட்டம் இருக்கும், தேதி தள்ளிப் போகலாம். ஒரு வாரத்துக்குள் கிடைத்தால் அங்கேயே எடுங்கள். அதற்கு மேல் போனால் காத்திருக்காமல் தனியாரில் எடுத்துவிட்டு, பென் டிரைவோடு அதே டாக்டரிடம் போங்கள்.